இடது கையின் வாசனை

துணைக்கரம் டிரஸ்ட்டில் வேலை பார்த்த பெண்கள் மணிமொழிக்கு வைத்திருந்த பெயர் மோப்பம் மேடம். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அங்கே வேலையில் நீடிக்க முடியுமா என்ன? ஆனாலும் அந்தப் பெயர் அவள் காதுக்குப் போயிருந்தது. அவள் காதுக்குப் போகாத சங்கதி என்று அந்த டிரஸ்ட்டில் எதுவும் கிடையாது. "வெச்சா வெச்சிக்கினு போகட்டும். எனக்கு மூக்கு இருக்குதுன்னுதானே சொல்றாளுங்க" என்று விட்டுவிட்டாள்.

ராமகிருஷ்ணன் என்ற ஓய்வுபெற்ற டாக்டர் ஆரம்பித்த டிரஸ்ட் அது. ரமணாசிரமத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் உதவினார்கள். செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு போன், அவ்வளவுதான் ஆபீஸ். படுத்த படுக்கையாகிவிட்ட வயசானவர்கள், கைகால் வராதவர்கள் வீட்டுக்கே பெண்களை அனுப்பி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. அந்தப் பெண்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது மணிமொழியின் வேலை.

அந்த வேலைக்கென்றே பிறந்தவள். டி.வி.எஸ். ஃபிப்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவாள், சத்தம் கேட்டு உள்ளே இருப்பவள் சுதாரித்துக்கொள்ளக் கூடாதாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்ற வீடுகளும் உண்டு. "எல்லாம் சரியா இருக்குது மேடம்" என்று யாராவது சொன்னால் போச்சு, அன்றைக்குத்தான் ரப்பர் ஷீட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். முதுகைத் திருப்பிப் பார்ப்பாள், காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பாள். கடைசியாக, "கையக் காட்டுங்க" என்பாள்.

நோயாளி தானே எடுத்துச் சாப்பிடுகிறவர் என்றால் அவர் கை. ஊட்டிவிடுகிற வீடு என்றால் ஊட்டிவிட்டவள் கை. பிடித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பாள். மத்தியானம் சாம்பார் சோறு சாப்பிட்ட கையை நீங்கள் எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் சாயந்திரம் வரைக்கும் அது உங்களைக் காட்டிக்கொடுக்கும். வாய் பொய் சொல்லும், தட்டு பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவள் கட்சி.

அவள் புருஷன் சுப்பிரமணி ஆட்டோ ஓட்டுகிறவன், சாது. "கல்யாணமாகி இத்தினி வருசத்துல ஒரு நாளாவது நான் சாப்ட்டேன்னு சொன்னா நம்பிக்கிறாளா? கையப் புடிச்சி இழுக்கறா. ஓட்டல்ல இன்னா தின்னேன்னு இவளே சொல்றா" என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பான். மணிமொழிக்கு மட்டும் அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், 1989. அவள் அப்பா ஆதிமூலம் மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அடுக்கிலிருந்து சரிந்த மூட்டை ஒன்று முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அம்மா முன்னமே செத்துப்போயிருந்தாள். மணிமொழிக்குத் தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை; அதை விட்டால் அடுப்பு எரியாது. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள, அத்தை முறை ஆகிற ஒருத்தியை ஏற்பாடு செய்தாள்.

மாலையில் வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அப்பாவின் உதட்டோரம் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கும், பனியனில் குழம்புச் சொட்டு இருக்கும். "நல்லா சாப்ட்டாரு, இன்னொரு வாட்டி வாங்கி சாப்ட்டாரு" என்பாள் அந்த அத்தை. அப்பாவும் தலையாட்டுவார். ஆனால் ஆள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தார். சீக்கு என்றால் இளைக்கத்தானே செய்யும் என்று மணிமொழி நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கடை முதலாளி வீட்டில் ஏதோ துக்கம் என்று மத்தியானமே கடையை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாள். அத்தை சோற்றுப் பானையைக் காலி செய்துவிட்டு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் உதட்டில் வழக்கம்போல் பருக்கை, பனியனில் குழம்பு. "சாப்ட்டியாப்பா?" என்றாள். "சாப்ட்டேம்மா" என்றார். வேர்த்திருந்தாரே என்று கையைப் பிடித்துத் துடைத்தவள், என்ன தோன்றிற்றோ, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். காலுக்குத்தான் சீக்கு, சோறு அவர் தன் கையால்தான் சாப்பிடுவார். அந்தக் கையில் குழம்பும் இல்லை, சோறும் இல்லை. பழைய போர்வை நாற்றம்தான் அடித்தது. உதட்டுப் பருக்கையும் பனியன் குழம்பும் அத்தை பூசிவைத்தவை.

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா அவ நின்னுடுவா. நீ வேலைக்குப் போவணுமேம்மா."

அன்றைக்கு மணிமொழி அழுத அழுகையை அந்தத் தெருவே நின்று கேட்டது. அத்தையைத் துரத்தினாள், கடை வேலையையும் விட்டாள். அப்பா அடுத்த தீபம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவே இல்லை. பிறகு ஒரு நர்ஸிங்ஹோமில் ஆயாவாகச் சேர்ந்து, ஊசி மருந்து வரைக்கும் கற்றுக்கொண்டு, கல்யாணம் செய்து வேங்கிக்காலில் குடித்தனம் வந்து, டாக்டர் கூப்பிட்டு டிரஸ்ட்டில் சூப்பர்வைசராக உட்கார்ந்தது எல்லாம் நடந்தது. ஆனால் ஒருத்தி நோயாளிக்குச் சோறு போட்டேன் என்று சொன்னால், அந்த அத்தையின் முகம்தான் முதலில் அவளுக்குத் தெரியும்.

கஸ்தூரியைப் பார்த்தபோதும் அப்படித்தான். கஸ்தூரி வேட்டவலம் ரோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். கட்டினவன் விட்டுவிட்டுப் போனபின் பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு இந்தச் சம்பளத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசுகிறவளிடம் மணிமொழிக்கு ஒரு சந்தேகம் என்றால், பேசாதவளிடம் இரண்டு சந்தேகம்.

2001-ல் அவளைப் போட்டது பேகோபுரத் தெருவில் மௌலி குருக்கள் வீட்டில். மௌலி கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்கிறவர். அவர் மனைவி சைலஜா டீச்சர். இரண்டு பேரும் காலையில் கிளம்பிவிட்டால் வீட்டில் மௌலியின் அம்மா உண்ணாமுலை மட்டும்தான். பக்கவாதம் வந்து வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. சொல்வது எல்லாம் காதில் விழும், புரியும். பதிலுக்கு ஒரு முனகல்தான் வரும். இடது கை மட்டும் நன்றாக இருந்தது.

வெளி ஆள் ஒருத்தி வீட்டுக்குள் வந்து அம்மாவைத் தொட்டுச் செய்வதற்கு மௌலி ஒப்புக்கொண்டதே பெரிய பாடு. சைலஜாதான் மல்லுக்கு நின்று சம்மதிக்க வைத்தாள். "அவர் ஏதோ போனா போறதுன்னு விட்டிருக்கார். ஒரு தப்பு நடந்தாலும் நாளைக்கே நிறுத்திடுவார். அப்புறம் நான் வேலைய விட்டுட்டுத்தான் உக்காரணும்" என்று மணிமொழியிடம் முதல் நாளே சொன்னாள். காலையில் சமைத்து, மசித்து, கூடத்தில் மூடி வைத்துவிட்டுப் போவாள். அதை ஸ்பூனில் ஊட்டவேண்டும் கஸ்தூரி. அடுக்களைக்குள் போகக் கூடாது.

ஸ்பூனைக் கண்டாலே உண்ணாமுலை பல்லைக் கடித்துக்கொள்வாள். சைலஜா கெஞ்சுவாள், மௌலி அதட்டுவார், இரண்டு வாய் இறங்கும், மூன்றாவது வாய் தோளில் வழியும். ஆள் வற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர், நோயின் சுபாவம் அப்படி என்றார். நோயின் சுபாவம் என்ற பேச்சை மணிமொழி ஒருமுறை நம்பிப் பட்டது போதாதா? அவள் கஸ்தூரியைக் கண்குத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

பார்த்ததில் ஒரு விசித்திரம் பிடிபட்டது. மாசாமாசம் பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் உண்ணாமுலையின் முகம் தெளிந்திருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம். சைலஜாவைக் கேட்டால், "ஆமா, நானும் பார்த்தேன். எல்லாம் அண்ணாமலையார் கிருபை" என்று கையைக் கூப்பினாள். கிருபை வந்தால் வரட்டும்; அது கஸ்தூரி மட்டும் இருக்கிற வீட்டில், பௌர்ணமி பார்த்து வந்துபோவானேன்? பௌர்ணமி என்றால் மௌலி விடியற்காலையில் கோயிலுக்குப் போனால் திரும்ப ராத்திரி ஆகிவிடும். சைலஜாவும் பள்ளிக்கூடம் விட்டு, கூட்டத்தில் நீந்தி வீடு வந்துசேர இருட்டிவிடும். ஏழு தெருவும் ஜனம். வீட்டில் என்ன நடக்கிறது என்று யார் கண்டது?

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள், கஸ்தூரி வருவதற்கு முன்னால் மணிமொழி அந்த வீட்டுக் கூடத்தில் நின்றாள். மூலையில் மடக்கி வைத்திருந்த வீல்சேரின் சக்கரத்தை விரலால் தடவினாள். செம்மண். டயரின் பள்ளத்தில் தொன்னையின் இலைத்துணுக்கு ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. கூடத்துக்கும் முற்றத்துக்கும் மட்டும் போய்வரும் நாற்காலிக்குச் செம்மண் எங்கிருந்து வந்தது?

கட்டிலுக்கு வந்தாள். "கையக் காட்டுங்கம்மா" என்றாள். உண்ணாமுலை இடது கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான், கிழவியின் இரண்டு கையும் சோறு தொடாத கை என்பதால் மணிமொழியும் வற்புறுத்தியதில்லை. அன்று வற்புறுத்தினாள். விரல்களைப் பிரித்தாள். நகக்கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. மூக்குக்குக் கொண்டுபோனாள். சாம்பார். வெறும் சாம்பார் இல்லை, சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்க வைத்த சாம்பார். அந்த வீட்டு அடுப்பில் வெங்காயம் ஏறியதே கிடையாது.

மணிமொழிக்கு மளமளவென்று எல்லாம் விளங்கிவிட்டது; அப்படி அவள் நினைத்தாள். பௌர்ணமியன்று கிரிவலப் பாதை நெடுக அன்னதானப் பந்தல், தொன்னை தொன்னையாகச் சாம்பார் சோறு. அதே பாதை ஓரத்தில்தான் கைகால் இல்லாதவர்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, உட்கார்த்திப் பிச்சை எடுக்க வைக்கிற கும்பலும் வரும். பெற்ற தாயையே கொண்டுவந்து வைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். வலது கை எழாது. அதனால் இடது கையை நீட்ட வைத்திருக்கிறாள் பாவி. வாய் பேசாத கிழவி, யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள்?

கஸ்தூரி வந்ததும், "நேத்து அம்மாவ எங்கியாவது வெளிய இட்டுக்கினு போனியா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"இல்லியே மேடம். எங்க போவறது? ஒரே கூட்டம்" என்றாள் கஸ்தூரி. சொல்லும்போது கண் வீல்சேரைத் தொட்டுவிட்டு வந்தது.

"சரி சரி. சும்மாதான் கேட்டேன்."

அப்போதே வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் மணிமொழிக்கு அது போதவில்லை. அத்தையைத் தூக்கத்தில் பிடித்ததுபோல் இவளையும் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். பிடித்தால், ஊரில் எந்த வீட்டிலும் எந்த நர்ஸிங்ஹோமிலும் அவளைச் சேர்க்காதபடி செய்துவிடுவாள். சைலஜாவிடம்கூட மூச்சு விடாமல் அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருந்தாள்.

அந்தப் பௌர்ணமி சாயந்திரம் வெயில் தாழ்ந்த நேரம். மணிமொழி எதிர்ச்சாரிப் பெட்டிக்கடையோரம் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. கஸ்தூரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வீல்சேரை இறக்கினாள். அதில் உண்ணாமுலை, மேலே போர்வை. அவள் தலையையும் பாதி முகத்தையும் ஒரு துண்டு மூடியிருந்தது. அடையாளம் தெரியக் கூடாதாம். எவ்வளவு யோசனை பாருங்கள் என்று மணிமொழிக்குப் பல் நறநறத்தது.

செங்கம் ரோட்டை மறித்து வண்டியெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். சாலை கொள்ளாத ஜனம் மலையை வலமாகப் போய்க்கொண்டிருந்தது. வெறுங்கால் நடை, கைக்குழந்தை அழுகை, ஊதுபத்திப் புகை. அந்த நெரிசலில் கஸ்தூரி வீல்சேரை ஓரம் ஓரமாகத் தள்ளினாள். தலைகள் நடுவே அந்தத் துண்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டே மணிமொழி பின்னால் போனாள். ஆசிரமத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடி. பக்கத்தில் அன்னதானப் பந்தல். மரத்தடியில் காவித்துணிக்காரர்களும் கால் விளங்காத இரண்டு மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி நாற்காலியை நேராகக் கொண்டுபோய் அந்த வரிசையின் கடைசியில் நிறுத்தினாள்.

பந்தல்காரர் ஒருவர் தொன்னைகளை நீட்டிக்கொண்டே வந்தார். உண்ணாமுலையின் இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்து நீண்டது. அண்ணாமலையாருக்கு அபிஷேகம் செய்கிற குருக்களின் தாய், பிச்சைக்காரர்களோடு உட்கார்ந்து, இடது கையை நீட்டுகிறாள். தொன்னை மடியில் விழுந்தது.

பாய்ந்து போகத்தான் மணிமொழி காலெடுத்தாள். ஆனால் கஸ்தூரி செய்த காரியம் அவளை நிறுத்திற்று. கஸ்தூரி தொன்னையைத் தொடவில்லை. கிழவியின் கையைப் பார்க்கக்கூட இல்லை. சாலையைப் பார்த்துத் திரும்பி, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கிழவியை மறைத்தாற்போல் முதுகு காட்டி நின்றாள்.

மணிமொழி மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். உண்ணாமுலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சு விரலையும் சோற்றில் புதைத்துப் பிசைந்து, உருட்டி, தானே வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பழகாத கை, பாதி கன்னத்தில் இழுகிற்று. அதை வழித்து நக்கினாள். மென்று விழுங்கிவிட்டு மலையைப் பார்த்தாள், மறுபடி பிசைந்தாள். வீட்டில் ஸ்பூனைக் கண்டால் பல்லைக் கடிக்கிற கிழவி தொன்னையின் அடிவரைக்கும் வழித்தாள்.

கண்ணால் பார்த்தால் போதுமா? மணிமொழி மணிமொழிதான். போய்க் கஸ்தூரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அலறக்கூட இல்லை அவள், முகம் வெளுத்துப்போய் நின்றாள். மணிமொழி அவள் கையை மோந்தாள். ஒன்றும் இல்லை. காசு முடிந்திருப்பாள் என்று அவள் இடுப்பில் சொருகியிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஈரத்துணி ஒன்றும் ஒரு சோப்புத் துண்டும் இருந்தன.

"இது எதுக்குடி?"

"அம்மா கையக் கழுவ, மேடம். எத்தினி வாட்டி கழுவினாலும் வெங்காய வாசன போவமாட்டேங்குது."

"எத்தினி நாளா நடக்குது இந்தப் பிச்ச?"

கஸ்தூரி அதுவரைக்கும் பயந்துதான் நின்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கையை உதறினாள். "பிச்ச எடுக்க வெச்சேன்னா நெனச்சீங்க? நீங்க நெனப்பீங்க மேடம். ஒரு நாள் தட்ட எடுத்துக்கினு வரேன், அம்மா அந்தக் கைய நீட்டினாங்க. குருக்கள் சாமி அந்த நேரம் வீட்ல இருந்தாரு. மெதுவா கையப் புடிச்சி எடுத்துட்டு, வேணாம்மா, அந்தக் கை வேணாம், நான் ஊட்டறேன்னாரு. அன்னையிலேந்துதான் பல்லக் கடிச்சிக்கினாங்க. ஒரு பௌர்ணமிக்கு மலை பார்க்கட்டுமேன்னு இட்டாந்தேன். யாரோ புண்ணியவான் பிச்சக்காரம்மான்னு நெனச்சிக்கினு மடியில தொன்னைய வெச்சிட்டுப் போயிட்டான். நான் எடுக்கறதுக்குள்ள கைய உட்டுட்டாங்க. அவங்க சாப்ட்டத நீங்க பார்த்திருக்கணும். வேலைய உட்டு எடுத்துக்கங்க. எம் பொண்ணோட நான் எப்பிடியோ பொழச்சிக்கறேன். ஆனா இன்னைக்கி முழுசா சாப்பிட உடுங்க."

மணிமொழி அந்த ஈரத்துணியையும் சோப்பையும் கஸ்தூரியிடமே நீட்டினாள். வாயைத் திறப்பதற்குள், "குருக்களம்மாவா இது?" என்று ஒரு குரல் கேட்டது. பேகோபுரத் தெருவில் பூக்கடை வைத்திருக்கும் சக்கரவர்த்தி. துண்டு நழுவியிருந்தது. அவன் கிழவியைப் பார்த்தான், மடியில் தொன்னையைப் பார்த்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான், கூட்டத்தோடு போய்விட்டான். உண்ணாமுலையின் கை போர்வைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் மௌலி வீட்டிலிருந்து போன் வந்தது. மணிமொழி கஸ்தூரியையும் அழைத்துக்கொண்டு போனாள். கூடத்தில் மௌலி நின்றுகொண்டிருந்தார். சைலஜா பள்ளிக்கூடம் போகவில்லை, அழுது கண் வீங்கியிருந்தது. கட்டிலில் உண்ணாமுலை சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாள் சைலஜா.

"சக்கரவர்த்தி தெரு பூரா சொல்லிண்டு திரியறான்" என்றார் மௌலி. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தேவலை. "கிரிவலப் பாதையில எங்கம்மா கையேந்திண்டு உக்காந்திருந்தாளாம். நீங்களும் அங்க இருந்தேளாம். என்னம்மா இது? எங்கம்மாவ வெச்சுப் பிச்சை எடுத்தாளா இவ?"

ஒரே ஒரு ஆமாம் போதும். கஸ்தூரி போவாள், டிரஸ்ட்டின் பேர் தப்பிக்கும், மணிமொழியின் மூக்கைப் பற்றி ஊர் பேசும். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது.

"இல்லீங்க" என்றாள் மணிமொழி. "நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு பின்னாலயே போனேன். தப்பா நெனச்சிட்டேன். பிச்ச இல்லீங்க அது, பசி. அவங்க கையால எடுத்து சாப்ட்டாங்க."

"நான் பட்டினி போட்டேனா?" என்று சைலஜா வெடித்தாள். "நாலு மணிக்கு எழுந்து மடியா சமைச்சு, மசிச்சு வெச்சுட்டுப் போறேனே."

"நீங்க ஒரு குறையும் வெக்கலீங்க டீச்சர். ஊட்டினா அவங்களுக்கு எறங்கல, அவ்ளோதான். தட்ட அவங்க மடியில வெச்சிப் பாருங்க."

"இடது கையாலயா?" என்றார் மௌலி.

"அதுதானே சாமி இருக்குது அவங்களுக்கு?"

தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். கடைசியில் மௌலியே உள்ளே போய், ரசஞ்சாதம் போட்ட தட்டை எடுத்துவந்து, அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து மடியில் வைத்தார். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சாப்பிடும்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்ணாமுலை தட்டைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். இடது கை கொஞ்சம் எழுந்தது. பிறகு மெல்லப் போர்வைக்குள் போய்விட்டது. கண்ணிலிருந்து கரகரவென்று நீர் இறங்கிற்று.

"பார்த்தேளா" என்றார் மௌலி. குரல் உடைந்திருந்தது. "நான் தடுக்கல. அவளுக்கே முடியல."

மணிமொழிக்கு அப்போதுதான் உறைத்தது. தடுத்தது மகன் ஒருவன் மட்டும் இல்லை. காலமெல்லாம் எச்சில், பத்து, இடது கை என்று தீட்டுப் பார்த்து ஆசாரமாக இருந்தவள், பெற்ற பிள்ளையின் கண் முன்னால் அந்தக் கையைத் தட்டில் வைக்க எப்படித் துணிவாள்? அவளை யாருமே அறியாத அந்த மரத்தடியில்கூடக் கஸ்தூரி முதுகைக் காட்டிக்கொண்டுதானே நின்றாள். கிழவியின் கையை விரல் விரலாகப் பிரித்து மோந்தோமே என்று மணிமொழிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் திரும்பினாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். கஸ்தூரியும் திரும்பி நின்றாள். சைலஜா ஒரு கணம் இருவரையும் பார்த்துவிட்டு, அடுக்களை வாசலைப் பார்த்துத் திரும்பினாள். மௌலி மட்டும் உட்கார்ந்தேயிருந்தார். பிறகு ஸ்டூலின் கால் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அவரும் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக, சாப்பிட்டார்களா என்று கண்ணால் பார்த்து, மூக்கால் சோதித்து வாழ்ந்தவளுக்கு அந்தச் சும்மா நிற்றல் பெரிய வதையாக இருந்தது. ஒரு தரம், ஒரே தரம் திரும்பிப் பார்த்தால் என்ன என்று கழுத்து துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்துத் தட்டு லேசாக நகர்ந்தது. பிறகு ரசத்தை உறிஞ்சுகிற சத்தம். மௌலியின் முதுகு குலுங்கிற்று.

காலித் தட்டு கட்டில் சட்டத்தில் இடிக்கிற சத்தம் கேட்ட பிறகும் யாரும் திரும்பவில்லை. மணிமொழியின் புடவைத் தலைப்பை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினாள்.

உண்ணாமுலைதான். எத்தனையோ நாள் கேட்டும் காட்டாத இடது கையை, விரல்களை விரித்து, மணிமொழியின் முகத்துக்கு நேரே தானாகவே நீட்டிக்கொண்டிருந்தாள். மணிமொழி குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மிளகு ரசமும் நெய்யும் மணத்தது.